முக்காணிக்குப் போன படை

இந்நேரம் பாதி வழி தாண்டியிருக்கும். பாதி என்ன, ஆத்தக் கடந்து மதில் கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்கே வந்திருக்கும், முன்னால வாள்காரன், பின்னால கல்லெறி பொறி, ஒவ்வொரு பொறியும் ஒரே எறில ஒரு வீட்டத் தரைமட்டமாக்கும், எல்லாம் என் படை, நான் காலைல ஏவி விட்டது, நானோ இங்க தேரிக்காட்டுல சாஸ்தா கோயிலுக்கு வெளிய செருப்பில்லாம செம்மண் சூட்டுல கால மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு நிக்கேன். சுடலை பீடத்துக்கு முன்னால ஆட்ட நிப்பாட்டியாச்சு. புடிச்சிருக்கது அண்ணன். லிங்கதுரை, என் கூடப்பொறந்தவன், சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டி, ஐஸ் கம்பெனில பாளம் பாளமாத் தூக்கிக் காய்ச்சுப் போன கையால ஆட்டுக் கொம்பப் புடிச்சிருக்கான். மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. ஆடு மேலு சிலுப்பணும், சிலுப்புனாத்தான் சம்மதம், அதுக்கப்புறந்தான் வெட்டணும். எல்லாரும் ஆட்டப் பாக்காக, நான் அந்தக் கையப் பாக்கேன். ஆட்டுக்கிட்டக்கூட சம்மதம் கேக்குற ஊருய்யா இது, என் கிட்ட எவன் கேட்டான், என் மேல எவன் தண்ணி தெளிச்சான்? சிலுப்பிருச்சு. அரிவா இறங்குன சத்தம் வலது பக்கம் மட்டும் கேட்டுது. இடது பக்கம் எப்பவும்போல ஓன்னு ஒரே இரைச்சல், கடல் இரைச்சலும் இல்ல காத்தும் இல்ல, அவன் எனக்குக் குடுத்த இரைச்சல். தலை தனியாக் கிடந்து கண்ணத் தொறந்து பாக்குது, ஒடம்பு இன்னும் கால ஒதைக்கு. ரத்தம் செம்மண்ல விழுந்த எடமே தெரியல, ரெண்டும் ஒரே நெறம். அப்படித்தான் இன்னிக்கு முக்காணியும் ஆகணும், இருந்த எடம் தெரியக்கூடாதுன்னு நெனச்சிக்கிட்டே பந்தல் பக்கம் நகந்தேன்.

விளையாட்டுதானேம்பாக. கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்தத் தொறந்து வச்சிக்கிட்டு ஒருத்தன் ரோமாபுரி ராசாங்கான், ஒருத்தன் பாரசீகத்து ராசாங்கான், இவனுகளுக்கு வேற சோலி கிடையாதாம்பாக. சொல்லிட்டுப் போங்க. துறைமுகத்துல கன்டெய்னர் புக்கிங் ஆபீஸ்ல பகல் பூரா உக்காந்திருக்கவனுக்குத்தான் தெரியும், ஸ்கிரீன்ல ஒரு பக்கம் ஆபீஸ் ஷீட்டு, இன்னொரு பக்கம் என் கோட்டை, வயல் வெளையும், களஞ்சியம் நெறையும், படை நடக்கும். நெசமான நேரத்துக்கு நடக்கும், அதான் அதுல விசயம். ஏவி விட்ட கொஞ்ச நேரத்துக்குள்ள திருப்பிக் கூப்பிடலாம், அதுக்கு மேல சாமியே வந்தாலும் முடியாது, நாம குளிச்சாலும் தூங்கினாலும் பந்தில உக்காந்து சாப்பிட்டாலும் அது பாட்டுக்குப் போயி அடிச்சிட்டுத்தான் நிக்கும். மொதல்ல நானும் அவனும் ஒரே கோட்டைதான் வச்சிருந்தோம். கொற்கைன்னு பேரு. பகலுக்கு நான், ஐஸ் கம்பெனி நைட் ஷிப்டுல அவன், ஒரே பாஸ்வேர்டு, ஒரே ராசா. அவன் மதில் கட்டுவான், நான் படை கட்டுவேன். சித்திரை, உனக்கு அடிக்கத்தான்லே தெரியும், மதில்னா என்னன்னு தெரியாதும்பான், சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவான். அந்த உலகத்துல எங்களத் தொட ஆள் கிடையாது. ஒரு நாள் காலைல எவனோ உள்ள நுழைஞ்சு எங்க படையப் பூரா எங்கயோ அனுப்பிவிட்டுட்டான், மதிலயும் இடிச்சு விட்டுட்டான், வடக்கு அலையன்ஸ்காரனுக, எங்களுக்கு ஆகாத ராசாக்க சேந்த கூட்டணி, வந்து சாம்பலாக்கிட்டுப் போனானுக. பாஸ்வேர்டக் குடுத்தது உன் தம்பிதான்னு எவனோ அவன்கிட்ட ஓதியிருக்கான். நான் குடுக்கல. சாஸ்தா சத்தியமா நான் குடுக்கல. அத அவன் என் கிட்டக் கேட்டிருந்தா இதே வார்த்தையச் சொல்லியிருப்பேன், கேக்கலையே, ஒரு வார்த்தை கேக்கலையே. ஷிப்டு முடிஞ்ச ஈரக் கையோட நேரா டீக்கடைக்கு வந்தான்.

நான் டீய உறிஞ்சிக்கிட்டிருக்கேன். நிமுந்து அண்ணேன்னு வாயெடுத்தேன், அவ்வளவுதான். உள்ளங்கை. ஒரே அடி. அந்தக் கைல அம்மோனியா வாடை அடிச்சுது, அதான் மொதல்ல தெரிஞ்சுது, அப்புறம் கிளாஸ் ஒடைஞ்சது தெரிஞ்சுது, அப்புறம் தரை கன்னத்துல ஒட்டியிருந்தது தெரிஞ்சுது. சத்தம் மட்டும் வரல. அவன் வாய் அசையுது, டீக்கடைக்காரர் வாய் அசையுது, எனக்குக் காதுக்குள்ள இருந்து சூடா என்னமோ கழுத்துக்கு எறங்குது. ஆஸ்பத்திரில டாக்டர் எப்படிப்பா ஆச்சுன்னாரு, பைக்குல இருந்து விழுந்துட்டேன்னேன். வேற என்னத்தச் சொல்ல, கம்ப்யூட்டர் கோட்டை எரிஞ்சதுக்கு அண்ணன் காதக் கிழிச்சான்னா சொல்ல முடியும், கேக்கவன் சிரிப்பானே. சிரிக்கத்தான் செஞ்சாக. ஆபீஸ்ல இன்னமும் சிரிக்காக, இடது பக்கம் நின்னு என்னத்தையாவது சொல்லிட்டு நான் திரும்பாததப் பாத்துச் சிரிக்காக. அப்புறமா, பாஸ்வேர்டத் திருடுனது கரூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தன்னு தெரிஞ்சுபோச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அவனுக்கும் தெரியும். வந்தானா? வாசப்படி மிதிச்சானா? தப்பு பண்ணிட்டேம்லேன்னு ஒரு வார்த்தை? ஐஸ் கம்பெனில ஒரு உப்புத்தண்ணித் தொட்டி உண்டு, பாத்தாலே கண்ணு உறைஞ்சு போகும், அதுக்குள்ள அவன் தலையப் பிடிச்சு அமுக்குத மாதிரி நான் எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன். பஸ்ஸுல நெனப்பேன், பல்லு தேய்க்கும்போது நெனப்பேன். அமுக்குவேன், குமிழி வரும், எடுப்பேன், சொல்லுலேம்பேன், சொல்ல மாட்டான், மறுபடி அமுக்குவேன். நெனப்புலகூட சொல்ல மாட்டேங்கான், பாத்துக்கோங்க.

அதுக்குத்தான் முக்காணி. அந்த விளையாட்டுல புது உலகம் ஒண்ணு ஆரம்பிச்சப்ப நான் தனியாக் கோட்டை போட்டேன், செவிடன்கோட்டைன்னு பேர் வச்சேன், அவன் எங்கயாவது மேப்புல பாத்து நாக்கப் பிடுங்கிக்கிடணும்னே வச்சேன். அவன் எந்தப் பேர்ல ஒளிஞ்சிருக்கான்னு தேடவே வேண்டி வரல. மேப்புல வடக்குப் பக்கம் ஒருத்தன் ஊருக்கு ஊரு வரிசையாப் பேரு வச்சிருக்கான், முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, நாங்க ரெண்டு பேரும் போயி வார திருச்செந்தூர் பஸ்ஸு நிக்குற ஸ்டாப்பெல்லாம் ஒண்ணு விடாம. உலகத்துல வேற எந்த ராசா அப்படிப் பேரு வைப்பான்? அதுலயும் கொற்கைய எரிச்ச அதே வடக்கு அலையன்ஸ்ல போயிச் சேந்திருக்கான், மானங்கெட்டவன். முக்காணிதான் அவன் தலைநகரம். அழகாக் கட்டியிருக்கான், அதைச் சொல்லணும், மதில் மேல மதிலு. நேத்தே எனக்கு ஒரு தகவல் உண்டு, வடக்கு அலையன்ஸ் படை ஒண்ணு செவிடன்கோட்டைக்கு வருது, இன்னிக்கு மதியத்துக்குள்ள வந்து விழும்னு. புத்தியுள்ளவன்னா படைய வீட்டுல நிறுத்துவான். நான் நிறுத்தல. என் கோட்டை எரிஞ்சா எரியட்டும், அவன் கோட்டை எரியுறது மட்டும் போதும்னு காலைல எல்லாத்தையும் கிளப்பி முக்காணிக்கு அனுப்பிட்டேன், ஒருத்தன் மிச்சமில்ல. வேவு பாக்கக்கூட ஆள் அனுப்பல, வேவுகாரன் போனா அவன் உஷாராயிருவான். நேரத்த நானே பாத்துப் பாத்து வச்சேன். தங்கச்சி மகன் மாறனுக்கு இன்னிக்கு மொட்டையும் காதுகுத்தும். மூத்த தாய்மாமன் மடிலதான் புள்ளைய வைக்கணும், புள்ள மடில இருக்கும்போது எந்த மாமன் போன எடுப்பான்? நல்ல நேரம் முடியுறதுக்குள்ள ஊசி எறங்கணும், ஊசி எறங்குற நேரத்துக்கு என் கல்லும் எறங்கணும். என்னைத் தாக்க வாரான்னு செவப்புக் கத்தி அடையாளம் அவன் போன்ல காட்டும்தான், ஆனா விடியுறதுக்கு முன்னாலருந்து ஆடு, பாத்திரம், பந்தல்னு அலையுதவன், அதத் தொறந்து பாத்திருக்க மாட்டான். பாத்திருக்க மாட்டான். பாத்திருந்தா இந்நேரம் என் பக்கம் ஒரு தடவையாவது முறைச்சிருப்பானே.

சின்னண்ணே, வாண்ணே, நேரமாச்சுன்னு தங்கச்சி பொன்செல்வி கூப்பிடுதா. ரெண்டு மாமனும் வந்து நிக்கலன்னா நான் காதே குத்த மாட்டேன்னு அழுது அழுதுதான் என்னைய இங்க வரவச்சா. புள்ளைக்கு மொட்டை போட்டு சந்தனம் தடவியிருக்கு, தலை மினுமினுன்னு இருக்கு, எங்கள ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச் சிரிக்கான், அவனுக்கு என்ன தெரியும். மண்டபத்துப் படில பலகை போட்டாச்சு, ஆசாரி ஊசியத் தொடைச்சுக்கிட்டிருக்காரு. பெரிய மாமன் உக்காருங்கன்னாக. அண்ணன் கையக் கழுவிட்டு வந்தான், கழுவினாலும் ஆட்டு வாடை போகல. வந்தவன் பலகையப் பாத்தான். என்னையப் பாக்காமலே சொன்னான்.

“தம்பி மடில வைங்க.”

யாரு யாரோ மூத்தவன் நீ இருக்கும்போதுன்னு ஆரம்பிச்சாக. அவன் என் தோள்ல கை வச்சு அமுக்கி உக்கார வச்சான், தோள் அப்படியே உள்ள சுருங்குச்சு எனக்கு, கை காதுக்குப் பக்கத்துல வந்தாலே ஒடம்பு தானாச் சுருங்குது, மானங்கெட்ட ஒடம்பு. அப்புறம் என்ன நெனச்சானோ, எனக்கு இடது பக்கம் நின்னவன் சுத்தி வலது பக்கம் வந்து குனிஞ்சான். இடுப்பு மடிப்புல இருந்து போன எடுத்து என் சட்டப் பைல என் போனோட சேத்துச் சொருகினான். நான் தலையப் புடிக்கணும்லா, இது கீழ விழுந்துரும், வச்சுக்கோலேன்னான். காது போனதுக்கப்புறம் என் கிட்ட அவன் பேசின மொதப் பேச்சு. சொல்லணும்னு நான் ஏங்கிக் கிடந்த பேச்சு இது இல்ல, ஆனாலும் நெஞ்சுக்குள்ள என்னமோ கெட்டியா இருந்தது கொஞ்சம் அசையுற மாதிரி இருந்துச்சு, ச்சீ, அசையாதேன்னு அதட்டினேன். என் திட்டம் பூராக் கோணிப்போச்சு. கை கட்டுப்பட்டு இருக்க வேண்டியவன் அவன், இப்பப் புள்ள என் மடில, அவன் போன் என் பைல. மாறன் என் சட்டைப் பொத்தானக் கடிக்கான், எச்சி வழியுது, அவன் தோளுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவுல ரெண்டு போனும் அமுங்கிக் கிடக்கு.

பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து டவரே இல்ல. இந்தப் படில உக்காந்ததும் எங்கிருந்தோ ஒரு கோடு வந்திருக்கும்போல, என் போன் துடிச்சுது. ரெண்டு விரலால மேல இழுத்துப் பாத்தேன், ஆசாரி கம்பியச் சரி பண்ணிக்கிட்டிருந்தாரு, யாரும் கவனிக்கல. செவிடன்கோட்டைக்குத் துணைப்படை வந்து சேர்ந்தது. யாரு எனக்குத் துணைப்படை அனுப்ப? எனக்கு அந்த உலகத்துல எவன் இருக்கான்? அடுத்த வரி, முக்காணியிலிருந்து. படிச்சேன். மறுபடி படிச்சேன். முக்காணியிலிருந்து. குதிரைப்படை, மொத்தமும். அவன் கிட்ட இருக்கது அவ்வளவுதான், அதுக்கு மேல அவன்கிட்ட ஒரு ஈ காக்கா கிடையாது. ஏன்? அலையன்ஸ்ல இருக்கவன், என்னைய அடிக்க வார படையைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், தன் ஆளுகளுக்கே எதிராத் தன் படைய அனுப்பி என் மதில்ல நிறுத்தியிருக்கான், ஒழுங்காவே கட்டாத என் மதில்ல. குதிரை வேகமா வரும், அப்பன்னா காலைலதான் கிளம்பியிருக்கணும். என் பொறிக உருண்டு உருண்டு அங்க போகுது, அவன் குதிரைக இங்க வருது, வழில எங்கயோ ரெண்டும் எதிரெதிர கடந்து போயிருக்கும், ஒண்ணையொண்ணு பாத்திருக்காது. அய்யோ, கூப்பிடணுமே. கூப்பிட முடியாது. காலைலயே கெடு தாண்டிருச்சு, இப்ப எப்படி முடியும். முக்காணில ஆள் இல்ல. வெறும் மதிலும் வீடும் களஞ்சியமும். என் கல்லு ஒவ்வொண்ணும் தடுக்க ஆளில்லாம விழும். குதிரைய அனுப்பணும்னா அவன் பக்கத்தத் தொறந்திருக்கணும், தொறந்தா மேல செவப்புக் கத்தி நிக்குமே, செவிடன்கோட்டையிலிருந்துன்னு என் பேரோட நிக்குமே. பாத்திருப்பானா. பாத்துட்டா அனுப்பினான். இல்ல, பாத்திருந்தா எவனாவது அனுப்புவானா, தன்னை வெட்ட வாரவன் வீட்டுக்குக் காவலுக்கு ஆள் அனுப்புவானா. பாக்கல. பாத்திருக்க மாட்டான். பாத்திருப்பான்.

திரும்பவும் துடிச்சுது. செவிடன்கோட்டை தாக்கப்பட்டது, மதில் நிற்கிறது, துணைப்படையில் ஒருவரும் பிழைக்கவில்லை. எல்லாம் போச்சு. என் வாசல்ல நின்னு அவன் குதிரைப்படை ஒண்ணு விடாமச் செத்துருச்சு, வருசக்கணக்கா நைட் ஷிப்டுல உக்காந்து உண்டாக்குன படை. இப்பச் சொல்லிரணும். என் கல்லு விழுறதுக்கு முன்னால என் வாயால சொல்லிரணும், போன் சொல்லி அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா எனக்கு இனி அண்ணன் கிடையாது, அவ்வளவுதான், சாகுற வரைக்கும் கிடையாது. சொன்னா? சொன்னா அடிப்பான். அந்தக் கை இந்தா இருக்கு, மாறன் தலையப் புடிச்சுக்கிட்டு என் வலது காதுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கு, விரல் இடுக்குல இன்னும் ரத்தம் காய்ஞ்சிருக்கு. எனக்கு இருக்கது ஒரே காது. இதுவும் போச்சுன்னா பொன்செல்வி என்னையச் சின்னண்ணேன்னு கூப்பிடுறது கேக்காது, இந்தப் பய மாமான்னு சொல்லப் பழகுறது கேக்காது. புள்ள என் மேல சாஞ்சு சாஞ்சு ஆடுதான். ஆசாரி புள்ளைய நல்லாப் புடிங்கன்னாரு. நான் காலப் புடிச்சேன், அண்ணன் தலைய என் நெஞ்சோட சேத்து அணைச்சான், அவ்வளவு மெதுவா. அந்தக் கையா இது. பையன்னா வலது காதுதான் மொதல்ல. ஊசி எறங்குச்சு.

மாறன் ஒரு நிமிசம் சத்தமே போடல, மூச்ச இழுத்து வாயத் தொறந்தபடியே இருந்தான், எனக்கு அன்னைக்கு டீக்கடைத் தரைல இருந்த மாதிரி. அப்புறம் கத்துனான் பாருங்க, என் வலது காதுக்குள்ளயே கத்துனான், அந்தக் கத்தல்ல என் நெஞ்சுல ரெண்டு போனும் ஒரே நேரத்துல துடிச்சுது. ஒண்ணு அடிச்சவனுக்கு, இன்னொண்ணு அடி வாங்கினவனுக்கு. துடிச்சிட்டு நின்னுது. புள்ளையோட காது மடல்ல ஒரு பொட்டு ரத்தம், செம்மண் மாதிரி மறைக்க அங்க ஒண்ணும் இல்ல, பளிச்சுன்னு தெரிஞ்சுது. அண்ணன் பெருவிரலால அதத் தொடைச்சான்.

என்னதுலே அது, விடாமத் துடிக்குன்னான். என் கை வேலையா இருக்கு, எடுத்துப் பாரேம்லேன்னான். நான் எடுக்கல. பாக்க என்ன இருக்கு, எனக்குத் தெரியாதா. முக்காணி போச்சுண்ணேன்னு சொன்னேன், குரல் என் குரல் மாதிரியே இல்ல. அவன் ஒண்ணும் கேக்கல. யாருன்னு கேக்கல. கேட்டுத் தொலையேன், கேட்டா சொல்லிருவேனே, அன்னைக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்க மாட்டேங்கானே. கண்ண இறுக்க மூடிக்கிட்டேன், வலது தோளக் காதோட சேத்துத் தூக்கிக்கிட்டேன்.

“நாந்தாண்ணே.”

கை அசைஞ்சது எனக்குத் தெரிஞ்சுது. காத்து காதுல பட்டுது. வரப்போகுது, இந்தா வருதுன்னு பல்லக் கடிச்சேன். வரல. கண்ணத் தொறந்தா அவன் மாறன் தலையத் திருப்பி, குத்தின காது என் நெஞ்சுப் பக்கம் படாம, மெதுவா மறுபக்கம் சாய்ச்சு வச்சிக்கிட்டிருக்கான். என் வலது பக்கம் குனிஞ்சான், அவன் மூச்சு என் கழுத்துல சுட்டுது.

“ஆட்ட வண்டில ஏத்தும்போதே கத்தியப் பாத்துட்டேம்லே”ன்னான். அப்புறம் ஆசாரியப் பாத்துத் தலையாட்டிட்டு, “இன்னும் ஒரு காது இருக்கு. இறுக்கிப் புடி.”

நான் புடிச்சேன்.